மூளையின் காவலும் மருந்தின் வழியும்

(பெங்களூரு மர்பி டவுனில் நிகழ்த்தப்பெற்ற உடல்நல உரையின் வாசகம்)

உட்கொண்ட மருந்து இரத்தத்தில் கலந்துவிட்டால் நோயுள்ள இடத்தை அடைந்துவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. பெரும்பாலான உறுப்புகளைப் பொறுத்தவரை இது ஓரளவு உண்மையே. மூளைக்கு மட்டும் இது பொருந்தாது. இரத்தத்தில் கலந்த மருந்துகளுள் மிகப் பல மூளையின் வாயிலிலேயே நிறுத்தப்படுகின்றன. இந்தத் தடையைக் கடந்து செல்லும் ஒரு மருந்தின் வரலாற்றில் சென்னைக்கும் பங்கு உண்டு. அம்மருந்தை உண்ணும் முறையை அறிந்திருப்பது முதியோர் வாழும் குடும்பங்களுக்குப் பெரிதும் பயன்தரும்.

காவல் அமைந்த விதம்

1885-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிச், விலங்குகளின் இரத்தத்தில் சாயங்களைச் செலுத்தி ஆராய்ந்தார். ஏனைய உறுப்புகளில் நிறம் ஏறியது, மூளையில் ஏறவில்லை. மூளைக்குச் சாயத்தை ஏற்கும் தன்மை இல்லை என்று அவர் கருதினார். அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் 1913-இல் மூளையைச் சூழ்ந்துள்ள நீரில் சாயத்தைச் செலுத்தியபோது மூளையிலும் நிறம் ஏறியது. தடை இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ளது என்பது இதனால் புலனாயிற்று. மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் சுவரின் செல்கள் இடைவெளியின்றி இறுகப் பிணைந்திருப்பதே இதற்குக் காரணம் என்பது 1967-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கி வாயிலாகத் தெளிவாயிற்று.

இந்தக் காவல் நஞ்சுகளிலிருந்து மூளையைக் காக்கிறது. எனினும் மூளைக்கு உணவு வேண்டும். ஆகவே குளுக்கோஸ், அமினோ அமிலங்கள் போன்றவற்றை உள்ளே கொண்டுசெல்லும் தனிப்பட்ட புரதங்கள் அச்சுவரில் அமைந்துள்ளன. இவை தமக்குப் பொருந்திய பொருளை மட்டுமே ஏற்றிச் செல்கின்றன.

பூனைக்காலி விதை

கை நடுக்கம், உடல் இறுக்கம், நடையில் தளர்ச்சி ஆகியவற்றைக் கொண்ட நடுக்குவாதத்தை 1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்தார். மூளையில் டோபமைன் என்ற பொருள் குறைவதே இதன் அடிப்படை என்பதை 1960-இல் வியன்னாவில் ஹார்னிகீவிச் காட்டினார். குறைந்த பொருளை ஊட்டினால் போதும் என்று தோன்றும். ஆனால் டோபமைன் அக்காவலைக் கடக்க இயலாது. அதன் முன்பொருளான லெவோடோபா ஓர் அமினோ அமிலம். ஆதலால் அமினோ அமிலங்களுக்குரிய வழியிலேயே அது உள்ளே செல்கிறது. சென்றபின் டோபமைனாக மாறுகிறது.

இந்த லெவோடோபாவை, 1937-இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எம். தாமோதரனும் ஆர். ராமஸ்வாமியும் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்து வெளியிட்டனர். சர்ப்பகந்தியிலிருந்து கிடைக்கும் ரிசர்ப்பின் என்ற மருந்தால் அசைவற்றுப்போன விலங்குகள் டோபா செலுத்தியதும் எழுந்து நடமாடியதை, 1957-இல் சுவீடன் நாட்டின் ஆர்விட் கார்ல்சன் கண்டார். 1967-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் நோயாளிகளுக்குப் பெரிய அளவில் டோபாவை வாய்வழி கொடுத்துப் பலன் கண்டார்.

ஆயினும் ஓர் இடர் இருந்தது. உட்கொண்ட லெவோடோபாவின் பெரும்பகுதி, மூளையை அடையுமுன்பே உடலில் டோபமைனாக மாறிக் குமட்டலை விளைவித்தது. இம்மாற்றத்தைத் தடுக்கும் கார்பிடோபா என்ற மருந்து உடன் சேர்க்கப்பட்டது. கார்பிடோபா மூளையின் காவலைக் கடப்பதில்லை. எனவே அது உடலில் மாற்றத்தைத் தடுக்கிறது, மூளையில் தடுப்பதில்லை. இடையூறாக இருந்த காவலே இவ்வாறு துணையாயிற்று. இவ்விரண்டும் சேர்ந்த மாத்திரை இந்தியாவின் இன்றியமையா மருந்துகளின் தேசியப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

உணவும் மாத்திரையும்

அல்சூரை ஒட்டிய மர்பி டவுன் போன்ற பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. இங்கும் பிற இடங்களைப் போலவே, முதியவரின் நடை தளர்ந்தால் வயதின் இயல்பு என்று விட்டுவிடுவது உண்டு. மருத்துவம் தொடங்கியபின் எழும் இடர் வேறு. பருப்பு, முட்டை, பால், இறைச்சி ஆகியவற்றின் புரதம் செரித்து அமினோ அமிலங்களாகிறது. அவற்றுள் பல லெவோடோபா செல்லும் அதே வழியை நாடுகின்றன. கூட்டம் மிகுந்த வாயிலில் மருந்து பின்தங்கிவிடுகிறது. வயிறு நிறைய உண்டதும் மாத்திரை உட்கொண்டவர், மருந்து பலிக்கவில்லை என்று எண்ணித் தாமே நிறுத்திவிடக்கூடும். திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

பொதுவாக உணவுக்கு அரைமணி நேரம் முன்போ, உணவுக்கு ஒரு மணி நேரம் கழித்தோ மாத்திரை உட்கொள்வது பலனைக் கூட்டும். குமட்டல் உள்ளவர் மருத்துவரின் யோசனைப்படி புரதம் குறைந்த சிறிது உணவுடன் கொள்ளலாம். புரதத்தை அடியோடு விலக்குவது உடலை மெலிவிக்கும், அது தேவையில்லை. வேளைதான் முக்கியம். மாத்திரை உண்ட நேரம், உணவின் நேரம், உடல் இயக்கம் எளிதான நேரம் ஆகியவற்றை ஒரு வாரம் குறித்துச் சென்றால் மருத்துவருக்கு அது பெரும் உதவி.

பூனைக்காலித் தூளைத் தாமாகச் சேர்த்துக்கொள்வதும் கூடாது. விதைக்கு விதை லெவோடோபாவின் அளவு வேறுபடும். மாத்திரையுடன் சேரும்போது அளவு மிகுந்து, கைகால்கள் கட்டுப்பாடின்றி அசையவும் மனக்குழப்பம் ஏற்படவும் வழியுண்டு. லெவோடோபா நோயை வேரறுப்பதுமில்லை. ஆண்டுகள் செல்லச்செல்ல ஒவ்வொரு வேளை மாத்திரையின் பலனும் விரைவில் தேய்வதால், அளவையும் வேளையையும் மாற்றியமைக்க வேண்டியிருக்கும்.

2019-இல் உலகில் 85 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்ந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. மர்பி டவுன் மக்களுக்கு, ஓசூர் சாலையில் உள்ள தேசிய மனநல நரம்பியல் விஞ்ஞானக் கழகமான நிம்ஹான்ஸ் இதே நகரில் இருப்பது ஒரு வாய்ப்பு. 1974-இல் உருவான இந்நிறுவனத்தில் நரம்பியல் சிகிச்சை பெறலாம். அறிஞர்கள் பல்லாண்டுகள் முயன்று மருந்துக்கு ஒரு வழி கண்டார்கள். அவ்வழியை உணவு வேளையில் அடைத்துவிடாமல் காப்பது வீட்டாரின் கையில் உள்ளது.