மய்யழி என்னும் பழைய கொம்யூன்

திருவனந்தபுரத்திலிருந்து மங்களூர் செல்லும் இரயிலில் கோழிக்கோட்டையும் வடகரையையும் கடந்தால் மாஹே நிலையம் வருகின்றது. பெயர்தான் மாஹே, நிலையம் நிற்கும் மண்ணோ கேரளத்து அழியூர்! மலையாளிகள் மய்யழி என வழங்கும் அவ்வூர் ஒன்பதே சதுர கிலோமீட்டர். அதுவும் ஒரே துண்டாக இல்லை. ஆற்றின் தென்கரையில், கடலையொட்டி நகரம். வடகரையில், கண்ணூர் மாவட்டத்தின் நடுவே பள்ளூர், பந்தக்கல் முதலிய ஊர்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி மக்கள் ஏறத்தாழ 42,000.

மிளகை நாடி 1721இல் வந்தனர் பிரெஞ்சுக்காரர். ஆங்கிலேயர் இவ்வூரை மும்முறை கைப்பற்றினர். மும்முறையும் திருப்பிக் கொடுத்தனர். இறுதியாக 1817இல் அது பிரெஞ்சுக்காரர் வசமே நிலைத்தது.

பிரான்சிலே ஆட்சியின் அடிப்படைப் படி கொம்யூன். அந்நாட்டில் ஏறக்குறைய 35,000 கொம்யூன்கள் உள. அவற்றுள் பாதியளவிலே ஐந்நூறு பேர்கூட இல்லை. ஆயினும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர் உண்டு. பிறப்பும் திருமணமும் அவர் பொறுப்பிலுள்ள ஏட்டிலேதான் பதிவாகின்றன. 1880ஆம் ஆண்டின் ஆணையொன்று இந்த முறையைப் பிரெஞ்சிந்தியாவிலும் புகுத்தியது. மய்யழி முழுவதும் ஒரே கொம்யூன் ஆயிற்று.

வெறும் அலங்காரமாக அது நிற்கவில்லை. பிரெஞ்சிந்தியாவின் எதிர்காலத்தை முடிவு செய்யும் வாக்கெடுப்பை எப்போது, எவ்வாறு நடத்துவது என்பதை நகரசபைகளே கூறட்டும் என்று 1948இல் ஏற்பாடாயிற்று. ஆகவே அவ்வாண்டு அக்டோபர் மாத நகரசபைத் தேர்தலில் மய்யழி கொந்தளித்தது. ஐ. கே. குமாரன் தலைமையில் மகாஜன சபையினர் ஆட்சியைச் சில நாள் கைக்கொண்டனர். பிரெஞ்சுக் கப்பற்படை வந்து மீட்டது. பின்னர் 1954 ஜூலை 16இல் பிரெஞ்சு நிர்வாகி ஊரை விட்டு வெளியேறினார்.

1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்ததை இந்நகரத்துத் தமிழராகிய நாம் மறக்க இயலாது. தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சென்னை மாநிலத்தோடு இணைந்த ஆண்டு அது. அவ்வளவு பெரிய கோடுகள் மாறியபோது, மலையாளம் பேசும் இச்சிற்றூர் கேரளத்தோடு சேராதது ஏன்? அதே ஆண்டு மே 28இல் கையெழுத்தான உடன்படிக்கையே காரணம். பிரெஞ்சுப் பகுதிகளின் தனி நிர்வாக நிலை தொடரும். மக்களின் விருப்பத்தை அறிந்த பின்னரே அதனை மாற்றலாம் என்று அது கூறியது. 1962 ஆகஸ்ட் 16இல் அது நடைமுறைக்கு வந்தது.

ஆகையால் மய்யழியின் தலைமைச் செயலகம் அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால், புதுச்சேரியில் உள்ளது. அங்கே ஆட்சிமொழி தமிழ். மய்யழிக்கு மலையாளத்தையும் பயன்படுத்தலாம் என 1965ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. பிற மாநில அலுவலகங்களில் விண்ணப்பத் தாளை நீட்டி நிற்கும் நமக்கு இந்த ஏற்பாட்டின் அருமை புரியும். சொல்லப்போனால், அங்கே நம் மொழியல்லவா பெரும்பான்மையின் இடத்தில் இருக்கிறது!

மொழிக்கு இடம் கிடைத்தது. மேயரின் நாற்காலிக்குத்தான் நற்பேறு வாய்க்கவில்லை. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கொம்யூன் நகராட்சியாயிற்று. ஆனால் புதுச்சேரிப் பகுதிகளில் 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் 2006இல்தான் நடந்தது. வாக்குச்சீட்டுக்காக 1948இல் தெருவில் இறங்கிய ஊர், முப்பத்தெட்டு ஆண்டுகள் நகரசபைத் தேர்தலைக் காணாது இருந்தது.