பக்கவாதமும் சீன வைத்தியமும்

(மூத்த அங்கத்தினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை. படித்தது ரசாயனம், உத்தியோகம் சர்க்காரில். ஆகவே வைத்தியம் சொல்ல வரவில்லை. நம் வயதுக்காரர்களிடையே சுற்றிவரும் ஒரு செய்தியைப் பற்றி விசாரித்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அந்தச் செய்தி முதலில் ஈ-மெயிலில் வந்தது, இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. பக்கவாதம் தாக்கியவரை அசைக்கக் கூடாதாம், அசைத்தால் மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் வெடித்துவிடுமாம். பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ஒவ்வொரு சொட்டு ரத்தம் எடுக்க வேண்டுமாம். தெளிந்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனால் போதுமாம். சீனர்களின் ரகசியம் என்று சொல்லப்படுகிறது.

முழுக்கக் கட்டுக்கதை என்று தள்ளவும் முடியாது. பத்து விரல் நுனிகளிலும் உள்ள புள்ளிகளுக்குச் சீன வைத்தியத்தில் 'ஷிஷுவான்' என்று பெயர். பிரக்ஞை தப்பியவர்களுக்கு அங்கே குத்தி ரத்தம் எடுக்கும் வழக்கம் அங்கு உண்டு. ஆனால் அது ஸ்கேனும் ஊசி மருந்தும் இல்லாத காலத்து வழக்கம். இன்றைய சீனர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் அவர்கள் இந்த வியாதியை எப்படிப் பார்த்தார்கள் என்று சொல்கிறேன். சீன மொழியில் இதன் பெயர் 'ஜோங்ஃபெங்'. 'காற்றால் தாக்குண்டது' என்று பொருள். நாம் 'வாதம்' என்கிறோம், ஆயுர்வேதமும் வாதத்தின் கோளாறு என்கிறது. திடீரென்று வந்து ஆளைச் சாய்க்கும் வியாதிக்கு இரண்டு தேசத்தாரும் காற்றின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் வெளிக்காற்று உடம்பில் புகுவதாக நினைத்தார்கள். 12ஆம் நூற்றாண்டிலிருந்து அபிப்பிராயம் மாறியது. காரணம் உடம்புக்குள்ளேதான் என்று சொல்லி, ஒருவர் உஷ்ணத்தையும், ஒருவர் சக்திக் குறைவையும், இன்னொருவர் கபத்தையும் காரணம் காட்டினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தவர் வாங் சிங்ரென் (1768–1831). பழைய நூல்களில் உள்ள உடல் படங்களை அவர் நம்பவில்லை. 1797இல் கொள்ளைநோயில் இறந்து, சரியாகப் புதைக்கப்படாமல் கிடந்த குழந்தைகளின் சடலங்களை நேரில் போய்ப் பார்த்துக் குறித்துக்கொண்டார். 1830இல் வெளியிட்ட நூலுக்கு வைத்திய நூல்களின் பிழைகளைத் திருத்துவது என்ற பொருளில் பெயர் வைத்தார். என்ன தைரியம் பாருங்கள்! உடம்பின் சக்தியைப் பத்துப் பங்காக்கி, இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஐந்து என்றார். பாதி போய்விட்டால் ஒரு பக்கம் ஸ்வாதீனம் இழக்கிறது என்பது அவர் கணக்கு. அவர் கொடுத்த கஷாயத்தில் ஏழு சரக்குகள். ஹுவாங்சி என்ற வேர் மட்டும் சுமார் 120 கிராம். மற்ற ஆறும் சேர்ந்தால்கூட அதில் ஐந்தில் ஒரு பங்கு வராது. அந்த ஆறில் குசும்பப்பூவும் பீச் பழக்கொட்டையின் பருப்பும் உண்டு, மண்புழுவும் உண்டு. (நம்மகத்து மாமிகள் முகம் சுளிப்பது தெரிகிறது!) சீனாவில் இன்றும் இந்தக் கஷாயம் வழக்கத்தில் இருக்கிறது. ஆனால் விழுந்த நிமிஷத்தில் கொடுப்பதற்கு அல்ல, பின்னால் கை கால் தேறுவதற்கு.

இந்த வேறுபாடுதான் முக்கியம். பக்கவாதம் இரண்டு விதம். ஒன்று குழாய் அடைப்பு, மற்றது ரத்தக் கசிவு. பார்த்து எதுவென்று சொல்ல முடியாது, ஸ்கேன் வேண்டும். அடைப்பானால் கட்டியைக் கரைக்கும் ஊசி உண்டு. பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பெரிய குழாயானால் கட்டியையே உள்ளே போய் எடுத்துவிடுகிறார்கள். தாமதமாகும் ஒவ்வொரு நிமிஷமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிவதாக 2006இல் கணக்கிட்டிருக்கிறார்கள். பத்து விரலையும் குத்திவிட்டுத் தெளியட்டும் என்று அரை மணி காத்திருந்தால் எவ்வளவு போகும் என்று பெருக்கிப் பாருங்கள். கசிவாக இருக்கலாம் என்பதால் வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுப்பதும் தப்பு.

சீனாவில் ஆம்புலன்ஸ் எண் 120. அதையே வைத்து அவர்கள் ஒரு சூத்திரம் கட்டியிருக்கிறார்கள். 1: முகம் ஒரு பக்கம் கோணியிருக்கிறதா? 2: இரண்டு கைகளையும் தூக்கினால் ஒன்று தொய்கிறதா? 0: பேச்சு குழறுகிறதா? சீன மொழியில் பூஜ்யமும் 'கவனித்துக் கேள்' என்ற சொல்லும் ஒரே ஓசை. ஏதாவது ஒன்று இருந்தாலும் உடனே 120. ஊசியை எடு என்று அதில் இல்லை. நாம் 108 என்று மாற்றிக்கொண்டால் போதும்.

இன்னொன்று, 'ஆங்கோங் நியூஹுவாங்' என்ற மாத்திரை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கடும் ஜுரத்தில் பிதற்றுபவர்களுக்காக எழுதப்பட்டது. இன்று சீனக் குடும்பங்கள் பக்கவாதத்துக்கென்று வாங்கி வைக்கின்றன. நமக்குத் தெரிந்த கோரோசனையும் கஸ்தூரியும் அதில் சேரும். கூடவே பாதரசம் உள்ள ஜாதிலிங்கமும், ஆர்சனிக் உள்ள மனோசிலையும். ரசாயனம் படித்தவன் என்ற முறையில் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. தவிர, பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் சக்தி போயிருக்கலாம். வாயில் போட்டது நுரையீரலுக்குப் போகலாம்.

சீன மருந்துகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா? பார்த்திருக்கிறார்கள், அதற்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். மூளை ரத்தக் கசிவுக்கு ஒரு பாரம்பரியக் கலவையைச் சீனாவிலேயே 26 ஆஸ்பத்திரிகளில் 1,648 பேருக்குச் சோதித்து, பலன் இல்லை என்று 2024இல் 'லான்செட்' இதழில் தாங்களே வெளியிட்டார்கள். அடைப்புக்கான இன்னொரு மருந்தை ஆசிய நாடுகளில் 1,100 பேருக்குக் கொடுத்ததிலும் மூன்று மாத முடிவில் வெற்று மாத்திரைக்கு மேல் நிச்சயமான பலன் தெரியவில்லை. அது 2013இல் வெளிவந்தது. ஆனால் எல்லாமே தோற்கவில்லை. தோங்ஷின்லுவோ என்ற மருந்து மாரடைப்பில் நல்ல பலன் காட்டியதாக 2023இல் பெரிய ஆய்வு வந்திருக்கிறது.

அக்குபங்சர் பற்றிக் கேட்பீர்கள். தியான்ஜின் நகரத்தில் ஷி ஷுவேமின் என்ற நிபுணர் 1972இல் பக்கவாதத்துக்கென்றே ஒரு முறை வகுத்தார். மணிக்கட்டுக்கு மேல், மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே, கணுக்காலுக்கு மேல் என்று முக்கியமான இடங்கள். தேறுவதற்கு அக்குபங்சர் உதவுமா என்று 31 ஆய்வுகளை 2016இல் அலசினார்கள். உதவக்கூடும், ஆனால் பெரும்பாலான ஆய்வுகளின் தரம் போதாது என்பது தீர்ப்பு. என் அபிப்பிராயம்: தேர்ந்த கையானால், ஃபிஸியோதெரபியை விடாமல், டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்துகொள்வதில் தவறில்லை. அதற்காகச் சேமிப்பைக் கரைக்க வேண்டாம்.

மூலிகையில் மட்டும் ஜாக்கிரதை தேவை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் நம்மில் பலர். டான்ஷென், டாங்குவே என்ற சீன வேர்கள் அதன் வேகத்தைக் கூட்டிவிடும், ரத்தப்போக்கு வரலாம். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் டப்பா அனுப்பினால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

கடைசியாக, எனக்குச் சந்தோஷம் தந்த ஒரு தகவல். தாய்ச்சி என்ற சீன அப்பியாசத்தைப் பக்கவாதத்திலிருந்து மீண்ட முதியவர்களுக்கு அமெரிக்காவில் 12 வாரம் சொல்லிக்கொடுத்தார்கள். மொத்தம் 145 பேர், மூன்று குழு. 2014இல் முடிவு வந்தது. அந்த வாரங்களில் மற்ற இரண்டு குழுக்களிலும் 14, 15 தடவை விழுந்திருக்கிறார்கள். தாய்ச்சி குழுவில் 5 தடவைதான். சிறிய ஆய்வுதான், இருந்தாலும் மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை. மெதுவாக எடை மாற்றி அடி எடுத்து வைப்பதுதான் அதன் சாரம். நாற்காலியைப் பிடித்துக்கொண்டும் ஆரம்பிக்கலாம்.