தங்கம் போனது, ஊர் போகவில்லை
(சிறுமலையில் நடந்த இளைஞர் முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கோலார் தங்கவயலைப் பற்றிப் பேசும்போது “மறைந்துபோன ஊர்” என்கிறார்கள். யாருக்கு மறைந்தது என்று நாம் கேட்க வேண்டும்.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே வந்தது. சுரங்கத்தில் இறங்க ஆள் வேண்டும். வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேரி மக்கள் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். கூலி மட்டுமே காரணமல்ல. ஆண்டையின் வயலையும் ஊர்த்தெருக் கட்டுப்பாட்டையும் விட்டு வெளியேற அது ஒரு வழி.

ஆனால் கம்பெனியும் ஒரு படிநிலையைக் கட்டியது. வெள்ளை அதிகாரிகளுக்குத் தோட்டம் சூழ்ந்த பங்களா, கிளப். பாறையை உடைத்தவர்களுக்கு மூங்கில் தட்டி வீடு. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பெங்களூருக்கே 1905இல்தான் கிடைத்தது. அந்த மின்சாரம் வந்தது கம்பெனியின் இயந்திரங்களுக்காக. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியவர்களுக்குக் கிடைத்தவை பாறை வெடிப்பும், நுரையீரலை அரிக்கும் சிலிக்கா தூசியும்.

“லிட்டில் இங்கிலாந்து” என்று பெருமை பேசுபவர்கள் சொல்லாத இன்னொரு வரலாறு உண்டு. மாரிகுப்பத்தில் அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்குக் கிளை இருந்தது. அவர் 1914இல் மறைந்த பிறகு, அவருடைய எழுத்துகளை நூல்களாக அச்சிட்டுக் காத்தது தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை. ‘தமிழன்’ இதழ் 1926இல் ஜி.அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு அங்கிருந்து மீண்டும் வெளிவந்தது. பகலெல்லாம் பாறை உடைத்தவர்களின் ஊரில் நடந்த அறிவுப்பணி இது. இன்று நாம் அயோத்திதாசரைப் படிக்க முடிவதில் அந்த ஊருக்குப் பெரும் பங்குண்டு.

மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில், 1920இல், ரேகைச் சட்டத்தை எதிர்த்தவர்கள் சுடப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். பத்தாண்டு கழித்துத் தங்கவயலிலும் கைரேகை கேட்டார்கள். “நாங்கள் குற்றவாளிகளா?” என்பதுதான் அங்கும் எழுந்த கேள்வி. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் மூன்று வாரம் வேலைக்கு இறங்கவில்லை. கூலி உயர்வுக்கு முன்னால் மானத்தை வைத்த போராட்டம் அது.

சுரங்கம் பின்னர் அரசின் கைக்கு வந்தது. நூற்றிருபது ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் எடுத்தபின், 2001இல் மூடப்பட்டது. தங்கம் போனது, மக்கள் போகவில்லை. தலைமுறைகளாக வாழும் லைன் வீடுகளுக்கு உரிமை கேட்டு நிற்கிறார்கள். விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். காற்றடித்தால் சயனைடு மேட்டின் தூசி வீட்டுக்குள் வருகிறது.

அந்த மேடுகளில் 13ஐ மீண்டும் அரித்துத் தங்கம் எடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்கு, 2024இல் கர்நாடக அமைச்சரவை இசைந்தது. மண்ணுக்குக்கூட மறுவாழ்வு கிடைக்கிறது. அந்த மண்ணை வெட்டி மேலே கொண்டுவந்தவர்களின் பிள்ளைகளுக்கு?

இந்த மலையிலும் வாழைத்தாரையும் காப்பியையும் சுமப்பவர்கள் ஒருவர், நிலத்துக்குச் சொந்தக்காரர் இன்னொருவர். ஆகவே இதை ஏதோ கோலார்க் கதை என்று கேட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒரு தொழில் மூடப்படும்போது முதலாளி கணக்கை முடித்துக்கொண்டு போய்விடுகிறார். உழைத்தவருக்கு வீடும் நிலமும் பட்டாவாகக் கையில் இருந்தால்தான் ஊர் மிஞ்சும். தங்கவயல் மக்கள் கேட்பது இழப்பீட்டுப் பிச்சையல்ல, உரிமை. அந்தக் கோரிக்கையோடு நாமும் நிற்போம்.