ஒரு கோடி ரூபாய் டெலிவிஷன்

(பொன்மலையிலும் ஸ்ரீரங்கத்திலும் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்புகளில் கட்சி முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்றைய வகுப்பில் டெலிவிஷனைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைத் தோழர் ஒருவர் சிரித்தார். “கூலிப் பிரச்னை மலைபோல் கிடக்கிறது, சினிமாப் பெட்டியைப் பற்றி என்ன பேச்சு?” என்று கேட்டார். கூலிப் பிரச்னையைத்தான் பேசப்போகிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

2023 ஆகஸ்ட் மாதம் சாம்சங் கம்பெனி நமது நாட்டில் ஒரு புதுரக டெலிவிஷனை விற்பனைக்கு விட்டது. மைக்ரோ எல்.இ.டி. என்று அதற்குப் பெயர். 110 அங்குலம், ஒரு கட்டிலைச் சுவரில் மாட்டியதுபோல் இருக்கும். விலை 1 கோடியே 14 லட்சத்து 99 ஆயிரம் ரூபாய். செருப்புக் கடையில் 100 ரூபாய்ச் சரக்குக்கு 99 ரூபாய் என்று எழுதுவார்களே, அதே தந்திரம் இங்கும் இருக்கிறது! இதற்கு முந்திய வருஷம், 2022 மே மாதம், எல்.ஜி. கம்பெனி பாய்போல் சுருட்டிக்கொள்ளும் டெலிவிஷனைக் கொண்டுவந்தது. அதன் விலை 75 லட்சம்.

2025-26ஆம் ஆண்டுக்கு நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைப்பதில்லை என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்குத் தெரியும். கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். ஒரு வேளைக் கஞ்சி குடிக்காமல், ஒரு பைசா செலவழிக்காமல் அந்தக் கூலியைச் சேர்த்தால் அந்தச் சாம்சங் பெட்டியை வாங்க எத்தனை வருஷம் ஆகும்? 342 வருஷம்! அதாவது, ராணி மங்கம்மாள் 1689இல் திருச்சியிலிருந்து ஆட்சி நடத்தத் தொடங்குவதற்கு முன்பே நீங்கள் மண்வெட்டியைத் தூக்கியிருக்க வேண்டும்.

இதைச் சொன்னால் சிலர் உடனே, “கம்யூனிஸ்டுகளுக்கு விஞ்ஞானமே பிடிக்காது” என்பார்கள். அது பொய். இந்தப் பெட்டி மனித மூளையும் மனிதக் கையும் சேர்ந்து செய்த அற்புதம். அது என்ன அற்புதம் என்று தொழிலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பழைய பெட்டி ஞாபகம் இருக்கிறதா? பின்பக்கம் தொப்பைபோல் நீண்டிருக்கும். 2006இல் அப்போதைய மாநில சர்க்கார் ஆரம்பித்த இலவசக் கலர் டி.வி. திட்டத்தில் ஒன்றரைக் கோடி வீடுகளுக்கு மேல் வந்ததும் அந்த 14 அங்குலப் படக்குழாய்ப் பெட்டிதான். குழாயின் பின்னாலிருந்து மின்துகள்கள் பாய்ந்து வந்து கண்ணாடியில் பூசியிருக்கும் பொடியில் மோதும், பொடி ஒளிவிடும். அதற்குப் பின் வந்த தட்டைப் பெட்டியின் கதை வேறு. அதிலே பின்னால் ஒரு விளக்கு சதா எரிந்துகொண்டே இருக்கிறது. முன்னால் லட்சக்கணக்கான சிறு ஜன்னல்கள் திறந்து மூடி அந்த ஒளியை விடுகின்றன, மறைக்கின்றன. கீற்றுத் தட்டிக்குப் பின்னால் பெட்ரோமாக்ஸ் விளக்கை வைத்தால் இடுக்கில் வெளிச்சம் கசியுமல்லவா? அப்படித்தான் இதிலும் கசியும். ஆகவே இருட்டு, முழு இருட்டாகத் தெரியாது.

ஓலெட் என்பதில் பின்விளக்கே இல்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். கார்த்திகைக்கு அகல் வரிசை வைக்கிறோம். ஓர் அகலை அணைத்தால் அந்த இடம் மட்டும் இருட்டாகிறது. அதுபோலத்தான். ஆனால் அது கரிமப் பொருளால் ஆனது. நாளாக ஆகத் தேயும். ஒரே சின்னம் ஒரே மூலையில் நெடுநாள் நின்றால் அங்கே தழும்பு விழவும் கூடும். மைக்ரோ எல்.இ.டி.யில் அகலுக்குப் பதில் மிக நுண்ணிய மின்விளக்குகள். ஒரு புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று. அந்த 110 அங்குலப் பலகையில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். அப்படியானால் விளக்குகள் ஏறக்குறைய இரண்டரைக் கோடி. அத்தனையையும் பலகையில் பிசகாமல் பதிக்க வேண்டும். விலை ஏறுவதற்கு அந்த வேலையின் கஷ்டம் ஒரு காரணம். அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் அது மட்டுமே காரணமா? 2007இல் சோனி கம்பெனி ஜப்பானில் முதல் ஓலெட் டெலிவிஷனை விற்றது. 11 அங்குலம், நமது பள்ளிக்கூடச் சிலேட்டு அளவு. விலை 2 லட்சம் யென். இன்று அதைப்போல் ஐந்து மடங்கு அகலமான ஓலெட் பெட்டிகள் வெளியூர்க் கடைகளில் மட்டுமல்ல, நமது தில்லைநகர்க் கடைகளிலும் எரிகின்றன. முதலில் பணக்காரனிடம் கொழுத்த விலைக்கு விற்பது, பின்னர் விலையை இறக்கி நடுத்தர வர்க்கத்திடம் விற்பது, அது முடிவதற்குள் “உன் பெட்டி பழசாகிவிட்டது” என்று விளம்பரம் செய்வது. இதுதான் அவர்கள் வியாபாரம். 2010இல் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்க்கும் முப்பரிமாண டெலிவிஷன் வந்தது. இனி உலகமே இதுதான் என்றார்கள். 2017இல் பெரிய கம்பெனிகள் அதைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டன. கடன் வாங்கி வாங்கியவன் வீட்டில் அந்தக் கண்ணாடி இப்போது பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான்.

இப்போது 8கே என்கிறார்கள். 3 கோடியே 30 லட்சம் புள்ளிகளாம். நமது கேபிளில் 8கே சேனல் ஒன்றுகூட வருவதில்லை. வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தில் பரமபத வாசல் திறப்பதை வீட்டிலிருந்து பார்க்கிறீர்கள். அனுப்புகிற படத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் வரும். பெட்டி பெரிதானால் அதே படம் இழுத்துக் காட்டப்படும், அவ்வளவுதான். பத்தடி அறையில் உட்கார்ந்திருப்பவன் கண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியப்போவதும் இல்லை.

சரி, சர்க்கார் எந்தப் பக்கம் நிற்கிறது? 32 அங்குலமும் அதற்குக் குறைந்ததுமான டெலிவிஷனுக்கு ஜி.எஸ்.டி. வரி 18 சதவீதம். அதற்கு மேற்பட்டதற்கு 28 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய பெட்டிக்கும் வரியை 18 ஆகக் குறைத்துவிட்டார்கள். ஏழையின் சின்னப் பெட்டிக்குக் குறைந்தது எவ்வளவு? பூஜ்யம். அது 18லிருந்து 18க்கு வந்திருக்கிறது! ஆனால் நான் சொன்னேனே ஒரு கோடிச் சொச்சம் பெட்டி, வரி நீங்கலான விலை மாறவில்லை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். அதை வாங்குகிற சீமானுக்கு மிச்சம் சுமார் 9 லட்சம் ரூபாய். நூறு நாள் வேலைக் கூலியில் அது 26 வருஷத்துக்கு மேற்பட்ட சம்பாத்தியம். 43 அங்குலப் பெட்டி வாங்கும் ஆசிரியருக்கும் குமாஸ்தாவுக்கும் கொஞ்சம் குறைந்திருக்கிறது, உண்மை. வண்டி நிறைய அள்ளியவன் வழியில் சிந்திய நெல் அது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பெட்டிகளைச் செய்கிறவன் யார்?

சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரில் 2007 முதல் சாம்சங் ஆலை நடக்கிறது. டெலிவிஷன், குளிர்பதனப் பெட்டி, சலவை யந்திரம் தயாராகும் இடம். 2018இல், திரைப் பலகை இறக்குமதிக்குத் தீர்வை போட்டதைக் காரணம் காட்டி, டெலிவிஷன் உற்பத்தியை வியட்நாமுக்கு மாற்றிக்கொண்டது கம்பெனி. பிறகு சலுகை வந்ததும் திரும்பி வந்தது. முதலாளிக்குப் பாஸ்போர்ட் வேண்டியதில்லை, யந்திரத்துக்கும் வேண்டியதில்லை. நடுத்தெருவில் நிற்பவன் தொழிலாளி. படக்குழாய் செய்துவந்த சாம்டெல் ஆலைகள் காசியாபாத்திலும் கோட்டாவிலும் என்ன ஆயின? தட்டைப் பலகை வந்தது, குழாய் போயிற்று, குழாயோடு வேலையும் போயிற்று. நமது அரிசி ஆலைகளில் கருப்பு அரிசி பொறுக்கிய பெண்களின் இடத்தில் சார்ட்டெக்ஸ் யந்திரம் வந்து உட்கார்ந்ததே, அதே கதை.

அந்த ஸ்ரீபெரும்புதூர்த் தோழர்கள் 2024இல் சங்கம் வைத்தார்கள். சி.ஐ.டி.யு.வுடன் இணைந்த சங்கம். சங்கத்தைப் பதிவு செய், அங்கீகாரம் கொடு, கூலியை உயர்த்து என்று கேட்டு செப்டம்பர் 9ஆம் தேதி ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கம்பெனி சொன்ன ஆட்சேபணையைக் கேளுங்கள்: ‘சாம்சங்’ என்ற பெயரைச் சங்கத்தின் பெயரில் சேர்க்கக் கூடாதாம், அது வியாபார முத்திரையாம்! ஒவ்வொரு பெட்டியிலும் அந்த எழுத்தைப் பதிப்பவன் கை, அதைத் தன் சங்கப் பலகையில் எழுதக் கூடாதாம். போலீஸ் பந்தலைப் பிரித்தது. தோழர்களைக் கைது செய்தது. சமூகநீதி பேசும் மாநில ஆட்சியில்தான் இது நடந்தது. 37 நாள் அவர்கள் நின்றார்கள். வழக்கு உயர்நீதிமன்றம் வரை போயிற்று. 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று.

பொன்மலைத் தோழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 1946 செப்டம்பர் 5ஆம் தேதி, வெள்ளைக்காரன் காலத்தில், இந்த ஊரில் ரயில்வேத் தொழிலாளர் மீது குண்டு பாய்ந்து 5 தோழர்கள் மாண்டார்கள். அவர்கள் ரத்தம் சிந்தியும், 78 வருஷம் கழித்து ஒரு தொழிலாளி “எங்கள் சங்கத்தைப் பதிவு செய்” என்று நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கிறது.

அந்தக் கம்பெனியின் சொந்த நாடான தென் கொரியாவிலும் நிலை இதுதான். சங்கமே கூடாது என்பது அங்கே அவர்களுடைய பல்லாண்டுக் கொள்கை. 2020 மே மாதம் அதன் துணைத் தலைவர் லீ ஜே-யோங் மன்னிப்புக் கேட்டு, அந்தக் கொள்கையைக் கைவிடுவதாக ஊரறியச் சொல்ல நேர்ந்தது. குறைகடத்தி ஆலையிலும் எல்.சி.டி. பலகை ஆலையிலும் வேலை பார்த்த இளம் பெண்களும் ஆண்களும் ரத்தப் புற்றுநோய்க்கு ஆளாகி, அவர்களுடைய குடும்பங்கள் பத்து வருஷத்துக்கு மேல் போராடின. 2018 நவம்பரில்தான் கம்பெனி மன்னிப்புக் கேட்டு நஷ்ட ஈட்டுக்கு ஒப்புக்கொண்டது. 2024 ஜூலையில், அந்தக் கம்பெனியின் சரித்திரத்திலேயே முதல் தடவையாகக் கொரியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்கு இரண்டு மாதம் கழித்து ஸ்ரீபெரும்புதூர். பாஷை வேறு, எதிரி ஒருவன்.

நமக்கும் ஆபத்து தூரத்தில் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை மத்திய சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்துவிட்டது. எந்தத் தொழிற்சாலையானாலும் 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் கூடாது என்கிறது அது. மண்ணச்சநல்லூர் ஆலைக்கும் அதுதான் சட்டம்.

கடைசியாகத் தவணை. “வட்டியே கிடையாது, பெட்டியை இன்றே எடுத்துப் போங்கள்” என்று பண்டிகைக்குப் பண்டிகை நோட்டீஸ் கொடுக்கிறார்கள். வட்டியில்லாக் கடன் கொடுக்க அவன் என்ன நமது மாமனா மச்சானா? பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு எழுதியது. ரொக்கம் கொடுத்தால் கிடைக்கக்கூடிய தள்ளுபடி தவணைக்காரனுக்குக் கிடைக்காது, அதுவே வட்டி. அதன்மேல் பத்திரச் செலவு என்று ஒரு தொகை. மில்லில் ஒரு மாதம் சம்பளம் தாமதமானால் கணக்கில் பணம் இல்லை என்று வங்கி ஒரு அபராதம், கடன் கொடுத்தவன் ஒரு அபராதம். மூன்று மாதம் இப்படிப் போனால் டெலிவிஷனைத் தவிர வீட்டில் வேறெதுவும் மிச்சமிராது. தவணை தலைக்கு மேல் தொங்குகிறவன் வேலைநிறுத்தம் என்றதும் தயங்குகிறான். முதலாளிக்கு இதைவிட நல்ல காவல்காரன் வேறு யார்?

டெலிவிஷன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பகலெல்லாம் வாழைத்தார் சுமந்தவன் ராத்திரி ஒரு படம் பார்ப்பதில் குற்றமில்லை. என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது; என் மனைவி சீரியல் பார்க்கும்போது நான் வாய் திறப்பதில்லை. புதிதாக வந்தது நாளடைவில் விலை இறங்கி வரும். பழசு ஓடும்வரை ஓடட்டும். கேட்டுப் பெற வேண்டியது கூலி.

ஏற்கெனவே தவணையில் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். வெட்கப்பட வேண்டாம். கடன் காகிதம், வங்கிப் புத்தகம், அபராதம் பிடித்த குறுஞ்செய்தி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்குச் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். கணக்குத் தெரிந்த தோழர் ஒருவரை வரச் சொல்லியிருக்கிறேன். வரி வரியாகப் படித்துப் பார்த்து, தவறாகப் பிடித்த தொகைக்கு அங்கேயே உட்கார்ந்து மனு எழுதுவோம்.