பணியாரச் சட்டியில் திருகாணிகள்

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் மாணவர்களின் வீட்டுப் பரணில் தேடினால் ஒரு விலையில்லா மடிக்கணினி கிடைக்க வாய்ப்பு உண்டு. 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. பிளஸ் டூ படித்த அக்காவுக்கோ, மாமாவுக்கோ, சித்தப்பாவுக்கோ வந்திருக்கும். சில காலம் ஓடியிருக்கும். பிறகு உறை போட்டு மேலே ஏற்றியிருப்பார்கள். பழுது நீக்கும் கடைக்குக் கொண்டுபோனால், "இதுக்குச் செலவு பண்றது வீண்" என்று திருப்பிக் கொடுத்திருப்பார்கள்.

சென்ற கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் சித்தப்பாவின் மடிக்கணினியைக் கொண்டுவந்தாள். 2012இல் கிடைத்தது. "சார், ஆன் ஆகுது. ஆனா ஆகுறதுக்குள்ள அடுப்புல சோறு வெந்துடுது" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அவள் வீட்டில் உள்ள ஒரே செல்போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. பாடநூல் கோப்பைத் திறக்க, காணொலி பார்க்க அவளுக்கு இருந்தது இந்த ஒன்றுதான்.

ஏன் மெதுவாக இருக்கிறது என்று முதலில் பார்த்தோம். அதில் இருந்தது 2 ஜி.பி. ரேம். இரண்டு இடங்களில் ஒன்று காலி. ரேம் என்பது நாம் எழுதும் மேசை மாதிரி, வன்தட்டு பீரோ மாதிரி என்று பிள்ளைகளிடம் சொன்னேன். மேசை சிறியதாக இருந்தால் ஒவ்வொரு நோட்டையும் பீரோவில் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். இங்கே அந்தப் பீரோவின் கதவும் இறுகிப்போயிருந்தது. வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்து வைக்கும் 'ஸ்மார்ட்' என்ற வசதி உண்டு. அதைப் பார்த்ததில் பழுதடைந்த பகுதிகள் இருப்பது தெரிந்தது. ஆக, ஒரு ரேமும் ஒரு வன்தட்டும் தேவை.

எங்கள் பள்ளியில் படித்து, பிறகு மேல்நிலைப் பள்ளியில் மடிக்கணினி பெற்ற பழைய மாணவர் ஒருவர் இப்போது திருப்பூரில் வேலை செய்கிறார். அவருடையது கீழே விழுந்து திரை உடைந்து, மின்சாரம் கொடுத்தாலும் உயிர் வராமல் கிடந்தது. தொலைபேசியில் கேட்டேன். "எடுத்துக்குங்க சார். பழைய இரும்புக்காரருக்குப் போடத்தான் அம்மா வச்சிருந்தாங்க" என்றார்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் உள்ள எந்தக் கணினியிலும் நாமாகக் கை வைக்கக் கூடாது. ஓடாததாக இருந்தாலும் அது அரசுப் பொருள். கழித்துக் கட்ட முறை இருக்கிறது. நான் திறந்த இரண்டும் மாணவர்களுக்கே சொந்தமானவை. உரியவர்களிடமும் பெற்றோரிடமும் கேட்ட பிறகே திருப்புளியை எடுத்தேன்.

மின்கலத்தையும் மின் இணைப்பையும் நீக்கிவிட்டு, ஆன் செய்யும் பொத்தானைப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்தோம். உள்ளே மிச்சமிருக்கும் மின்னூட்டம் போவதற்காக. நிலைமின்னூட்டத்தைப் பாடமாக நடத்தும்போது சீப்பையும் காகிதத் துண்டையும் காட்டுவோம் அல்லவா? அதே மின்னூட்டம் நம் விரலிலிருந்து ரேம் சில்லுக்குப் பாய்ந்தால், நமக்குத் தெரியாமலே அது கெட்டுவிடலாம். அதனால் ஒவ்வொருவரும் நிலத்தோடு தொடர்புள்ள ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுத்தான் மேசைக்கு வந்தார்கள். அந்தப் பாடத்துக்கு இதைவிட நல்ல சோதனையை நான் செய்து காட்டியதில்லை.

அடுத்தது திருகாணிகள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும், நீளம் வேறு. குட்டை ஓட்டையில் நெட்டை திருகாணியை முறுக்கினால் மேல்மூடியில் புடைத்துக்கொண்டு நிற்கும், அல்லது உள்ளே எதையாவது நசுக்கும். ஒரு மாணவன் வீட்டிலிருந்து பணியாரச் சட்டி கொண்டுவந்தான். ஒவ்வொரு குழியிலும் ஒரு பகுதியின் திருகாணிகள். அவை எங்கிருந்து வந்தவை என்று குழிக்கு அருகே சுண்ணக்கட்டியால் எழுதினோம். ஒன்றுகூடத் தொலையவில்லை.

எடுத்த ரேமும் போட வேண்டிய இடமும் டி.டி.ஆர்.3 வகை. டி.டி.ஆர்.4 என்றால் அடியில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும், பொருந்தாது. பொருந்தாததை அழுத்தக் கூடாது. வில்லையில் 'பி.சி.3' என்றிருந்தால் 1.5 வோல்ட். 'பி.சி.3எல்' என்றிருந்தால் 1.35 வோல்ட்டிலும் 1.5 வோல்ட்டிலும் ஓடும். புதியதிலிருந்து எடுத்த 'எல்' வகையைப் பழையதில் போடுவதால் எங்களுக்குச் சிக்கல் இல்லை. மறுதலையாகச் செய்தால் பெரும்பாலும் திரை இருண்டே இருக்கும்.

போட்டோம். திரை இருண்டுதான் இருந்தது! இருந்ததையும் கெடுத்துவிட்டோமோ என்று எனக்கு வியர்த்துவிட்டது. மீண்டும் மின்சாரத்தை நீக்கி, ரேமைக் கழற்றி, பொன்னிறத் தொடுமுனைகளை அழிப்பானால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்தோம். பிறகு சாய்வாகச் செருகிக் கீழே அழுத்தினோம். இரு பக்கக் கொக்கிகளும் 'டிக்' என்று பூட்டின. முதல் முறை ஒரு பக்கம்தான் பூட்டியிருந்தது. இப்போது 4 ஜி.பி. காட்டியது.

இனி வன்தட்டு. நான் இந்த உரைக்கு ஒப்புக்கொண்டதே இதைச் சொல்லத்தான். லினக்ஸ் நிறுவும் பென் டிரைவைத் தயாராக வைத்திருந்தேன். பழைய மாணவரின் வன்தட்டை மாட்டி, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டியதுதான். அப்போது அந்த மாணவி கேட்டாள்: "சார், உள்ள என்ன இருக்குன்னு அந்த அண்ணனைக் கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை. மடிக்கணினியைக் கேட்டேன், உள்ளே இருப்பதைக் கேட்கவில்லை. இரும்புக்காரருக்குப் போக இருந்ததுதானே என்ற அலட்சியம். உடனே அவரை அழைத்தேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அது ஓடாதுன்னு நெனச்சேன் சார். எங்க அப்பா இருந்தப்ப எடுத்த பொங்கல் படம் அதுலதான் இருக்கு. வேற எங்கயும் இல்ல" என்றார்.

மடிக்கணினி செத்தாலும் வன்தட்டு சாகாமல் இருக்கலாம் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்த நான்தான் கேட்டிருக்க வேண்டும். சில நூறு ரூபாய்க்கு யு.எஸ்.பி. இணைப்புக் கம்பி ஒன்று வாங்கி, வன்தட்டை என் கணினியோடு இணைத்து, அவருடைய கோப்புகள் முழுவதையும் ஒரு பென் டிரைவில் படியெடுத்தேன். படங்களை மாணவர்கள் பார்க்கவில்லை, நானும் திறந்து பார்க்கவில்லை. ஊர்த் திருவிழாவுக்கு வந்தபோது அவர் கையில் கொடுத்தோம். எல்லாம் இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகே வன்தட்டை அழித்தோம். சித்தப்பாவின் பழைய வன்தட்டில் படிக்க முடிந்ததையும் அப்படியே எடுத்து அவரிடம் கொடுத்தோம்.

இப்போது அந்த மடிக்கணினி எப்படி இருக்கிறது? புதியதுபோல ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மின்கலம் போய்விட்டதால் மின்சாரம் நின்றால் அதுவும் நின்றுவிடும். தரம் கூடிய காணொலி திக்கித் திக்கித்தான் ஓடும். பணம் இருந்தால் வன்தட்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டிருக்கலாம். சுழலும் பாகம் இல்லாததால் வேகம் இன்னும் நன்றாகக் கூடும். ஆனால் பாடநூல் திறக்கிறது. தமிழ்99 விசைப்பலகையில் அவள் கட்டுரை தட்டச்சு செய்கிறாள். "இப்ப அரிசி களையறதுக்குள்ள ஆன் ஆயிடுது சார்" என்கிறாள்.

நீங்களும் முயல நினைத்தால் ஓர் எச்சரிக்கை. உப்பிய மின்கலம் இருந்தால் பிள்ளைகளை அருகே விடாதீர்கள். குத்தவோ வளைக்கவோ சார்ஜ் செய்யவோ கூடாது. குப்பையிலும் போடக் கூடாது. தீப்பிடிக்கும். அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்போரிடம் சேர்த்துவிடுங்கள். மின்சாரம் இணைத்துச் சோதிக்கும் வேலை ஆசிரியருடையது மட்டுமே.

வேலையின் வரிசையை எங்கள் பிள்ளைகள் இப்போது சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்: உரியவரைக் கேள், உள்ளே இருப்பதைக் காப்பாற்று, பழுதைக் கண்டுபிடி, பிறகு திற. நான் இரண்டாவதை விட்டுவிட்டேன். அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு ஒன்பதாம் வகுப்பு மாணவி.

அடுத்த கூட்டத்துக்கு, உரியவர் அனுமதியோடு, ஓடாத மடிக்கணினி இருந்தால் கொண்டுவாருங்கள். பணியாரச் சட்டியை நான் கொண்டுவருகிறேன்.