விற்ற பொருளின் பணத்தை முன்கூட்டியே பெறும் வழி

(நாகூரில் உழவர் கூட்டமொன்றில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரை)



வெட்டாறு கடலோடு கலக்கும் இந்தப் பகுதியில் சம்பா அறுவடை முடிந்ததும் உங்களுக்கு ஏற்படும் கவலை விளைச்சலைப் பற்றியதன்று, பணத்தைப் பற்றியது. பொருள் கையை விட்டுப் போய்விடும். பணம் வந்து சேர நாளாகும். அதற்குள் அறுவடை இயந்திர வாடகை, ஆள் கூலி, கூட்டுறவுச் சங்கத் தவணை எல்லாம் வாசலில் வந்து நிற்கும்.

உரம், விதை பற்றிப் பேச வேண்டியவர் பணத்தைப் பற்றிப் பேசுகிறாரே என்று நீங்கள் எண்ணலாம். நெல் தரிசு உளுந்து பூக்கும் நேரத்தில் 2 சத டி.ஏ.பி. கரைசல் தெளிக்க வேண்டும். அந்த வாரத்தில் கையில் காசு இல்லாமல் அடுத்த மாதம் வந்தால் பயிருக்கு என்ன பயன்? ஆகவே பணம் வந்து சேரும் நாளும் சாகுபடிக் கணக்கில் அடங்கியதே.

காத்திருப்பதற்கும் விலை உண்டு

1,00,000 ரூபாய் மதிப்புள்ள பொருளை விற்கிறீர்கள். "45 நாளில் முழுத் தொகை தருகிறேன், இன்றே வேண்டுமானால் 5,000 ரூபாய் குறைத்துக்கொள்வேன்" என்கிறார் வியாபாரி. அவசரத்தில் 95,000 ரூபாயை வாங்கிக்கொள்கிறீர்கள். 5,000 தானே என்று தோன்றும். 95,000 ரூபாயை 45 நாள் முன்னதாகப் பெறுவதற்கு 5,000 ரூபாய் என்றால், ஆண்டு வட்டி 42 விழுக்காட்டுக்கு மேல் ஆகிறது! எந்தக் கழிவையும் இவ்வாறு ஆண்டு வட்டியாக மாற்றிப் பார்க்கப் பழகுங்கள். உண்மை புலப்படும்.

ஃபேக்டரிங் என்றால் என்ன?

பொருளை விற்று, பில் கொடுத்து, வாங்கியவரும் அதை ஒப்புக்கொண்டுவிட்டால், அந்த பில் வெறும் காகிதமன்று. அதுவும் ஒரு சொத்து. அதை வங்கியிடமோ நிதி நிறுவனத்திடமோ ஒப்படைத்து, வட்டி போக மீதியை உடனே பெற்றுக்கொள்ளலாம். கெடு நாளில் வாங்கியவர் பணத்தை வங்கிக்கே செலுத்துவார். இதுவே ஃபேக்டரிங். இது நமக்கு முற்றிலும் புதிதன்று. உண்டியல் எழுதி, கெடுவுக்கு முன்பே அதைக் கழிவுக்கு மாற்றிப் பணம் பெறுவது நம் நாட்டு வணிகர்களிடம் நெடுங்காலம் இருந்த பழக்கமே.

இந்தியாவில் இதை முறைப்படுத்த ரிசர்வ் வங்கி 1988இல் கல்யாணசுந்தரம் குழுவை அமைத்தது. பின்னர் ஃபேக்டரிங் ஒழுங்குமுறைச் சட்டம், 2011 வந்தது. 2021இல் அது திருத்தப்பட்டது. ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற "டிரெட்ஸ்" எனும் மின்னணு ஏலத் தளங்கள் 2017இல் செயல்படத் தொடங்கின. அங்கே உங்கள் பில்லுக்குப் பல வங்கிகள் போட்டியிட்டு வட்டி கூறும். குறைந்த வட்டியை நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம்.

யாருக்குப் பயன்படும்?

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போடுபவருக்கு இது தேவையில்லை. அங்கே பணம் உங்கள் வங்கிக் கணக்கிற்கே வருகிறது. டிரெட்ஸ் தளம் நுண், சிறு, நடுத்தரத் தொழில்களுக்கானது. ஆகவே நெல்லைப் பயிரிட்டு அப்படியே விற்கும் தனி உழவர் அதில் சேர இயலாது.

ஆனால் நீங்கள் பங்குதாரராக உள்ள உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நெல்லை அரைத்து, அரிசியாகப் பையிலிட்டு, பெரிய அங்காடிகளுக்கும் உணவு நிறுவனங்களுக்கும் கடனுக்கு விற்குமானால், இது மிகவும் பயன்படும். நிறுவனத்துக்குப் பணம் தாமதமானால் உங்களுக்கும் தாமதந்தானே? அந்நிறுவனம் "உதயம்" பதிவு பெற்று, டிரெட்ஸ் தளத்தில் சேர வேண்டும். வாங்குபவரும் அதில் சேர்ந்திருக்க வேண்டும். ஆண்டு விற்பனை 250 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கம்பெனிகள் 2025 மார்ச் 31க்குள் சேர வேண்டும் என்று மத்திய அரசு 2024இல் ஆணையிட்டது.

கணக்கைப் பாருங்கள். பில் தொகை 2,00,000 ரூபாய். கெடு 45 நாள். வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காடு என வைத்துக்கொள்வோம். வட்டி ஏறத்தாழ 2,466 ரூபாய். இதனுடன் தளத்தின் கட்டணம் சிறிது சேரும். அதே தொகையை ரூபாய்க்கு மாதம் 3 பைசா வட்டியில் வெளியே வாங்கினால், ஒன்றரை மாதத்துக்கு 9,000 ரூபாய் ஆகும்.

கவனிக்க வேண்டியவை

1. வாங்கியவர் பணம் தராவிட்டால் பொறுப்பு யாருடையது என்று முதலிலேயே கேளுங்கள். டிரெட்ஸ் தளத்தில் வங்கி விற்றவரிடம் திரும்பக் கேட்காது. தனியாக வங்கியில் பில்லைக் கழிவுக்கு மாற்றும்போது பெரும்பாலும் விற்றவரிடமே கேட்கும்.

2. தரத்தில் தகராறு வந்தால் வாங்கியவர் பில்லை ஒப்புக்கொள்ளமாட்டார். ஒப்புதல் இல்லாத பில்லுக்குப் பணம் இல்லை. ஆகவே எடை, ஈரப்பதம், கல், குருணை ஆகியவற்றைச் சரக்கு ஏற்றும் முன்பே எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

3. கெடுவை நீட்டிக்கொண்டே போகாதீர்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, நுண், சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்க உரிமையுண்டு.

4. நட்டத்துக்கு விற்ற பொருளை ஃபேக்டரிங் இலாபமாக்காது. அது பணத்தை விரைவுபடுத்துமே தவிரப் பெருக்காது.

விற்காத நெல்லுக்கு வேறு வழி

விலை குறைவாக இருக்கிறது, நெல் இன்னும் உங்களிடமே இருக்கிறது என்றால், ஃபேக்டரிங் உதவாது. அதற்குப் பொருளீட்டுக் கடனே தக்கது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் நெல்லை இருப்பு வைத்து, அதன் மதிப்பில் ஒரு பகுதியைக் கடனாகப் பெறலாம். பதிவு பெற்ற கிடங்குகளில் 2017 முதல் மின்னணு இருப்பு ரசீதும் வழங்கப்படுகிறது. அதை ஈடாக வைத்து வங்கியில் கடன் பெறலாம். நெல்லின் ஈரப்பதம் 14 விழுக்காட்டுக்கு மேற்படாமல் காயவைத்துக் கொண்டுசெல்லுங்கள். ஈர நெல்லை அடுக்கினால் பூசணம் பிடித்து, ஈடே கெட்டுப்போகும்.

சுருங்கச் சொன்னால், விற்ற பொருளுக்கு பில். விற்காத பொருளுக்குக் கிடங்கு ரசீது. இவ்விரண்டும் கையில் இருக்கும்போது நகையை அடகு வைக்கவோ, கழிவுக்கு விளைபொருளைத் தள்ளிவிடவோ விரையாதீர்கள். உங்கள் உற்பத்தியாளர் நிறுவனத்தின் அடுத்த கூட்டத்தில், "நமக்கு வரவேண்டிய பாக்கி எவ்வளவு? எத்தனை நாளாக நிற்கிறது?" என்று எழுந்து கேளுங்கள். அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கிப் பயன்பெறுங்கள்.