பருத்தி வேர் எதற்காக அதைக் கசியவிட்டது?



தலைமை உரையில் துறையின் வரலாற்றை ஆதியிலிருந்து சொல்வது மரபு. 1904இல் லோரென்ஸ் ஹில்ட்னர் வேர்மண்டலம் என்ற கருத்தை முன்வைத்ததில் தொடங்கினால் மதியச் சாப்பாடு ஆறிப்போகும். எனவே ஒரே ஒரு சேர்மத்தின் கதையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சோளமும் கரும்பும் பயிரிடுகிறவர்களுக்குச் சுடுமல்லியைத் தெரியும். தாவரவியலில் ஸ்ட்ரைகா. விதை தூசி மாதிரி இருக்கும். அரை மில்லிமீட்டர்கூட இராது. ஒரு செடி பல்லாயிரம் விதைகளைக் கொட்டும். அவை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அவ்வளவு சிறிய விதைக்குள் சேமிப்பு உணவு ஏது? முளைத்த சில நாட்களுக்குள் ஏதாவது ஒரு வேரைப் பற்றியாக வேண்டும், இல்லையென்றால் சாவுதான். அதனால் ஈரமும் சூடும் மட்டும் கிடைத்தால் அது முளைப்பதில்லை. சில மில்லிமீட்டர் தொலைவில் வேர் இருக்கிறது என்று வேர்க்கசிவு காட்டிக்கொடுத்த பிறகே கண் விழிக்கிறது. செடி தரைக்கு மேல் தலைகாட்டும்போது பயிருக்கு வரவேண்டிய கேடு பெரும்பாலும் வந்து முடிந்திருக்கும்.

1956இல் அமெரிக்காவின் கரோலினாப் பகுதியில் மக்காச்சோள வயல்களில் இது தென்பட்டது. இன்னதென்று அடையாளம் சொன்னவர் இந்தியாவிலிருந்து அங்கே படிக்கப் போயிருந்த ஒரு மாணவர். பாடம் படிக்கப் போன இடத்தில் ஊர்க் களையைப் பார்த்திருக்கிறார்! அரசு விழித்துக்கொண்டது, ஆய்வுக்குப் பணம் வந்தது. பத்தாண்டு கழித்து, 1966இல், குக் தலைமையிலான குழு அந்த விதையை எழுப்பும் பொருளைப் பிரித்தெடுத்து ஸ்ட்ரைகால் என்று பெயரிட்டது. எடுத்தது பருத்தி வேர்க்கசிவிலிருந்து. பருத்தியிலோ சுடுமல்லி ஒட்டி வளர்வதில்லை.

இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். தன் எதிரியைக் கூவி அழைக்கும் ஒரு பொருளை எந்தச் செடியாவது செலவு செய்து தயாரிக்குமா? தயாரித்திருந்தால் இயற்கைத் தேர்வு அதை எப்போதோ துடைத்தெறிந்திருக்காதா? அதிலும், களையே தீண்டாத பருத்திக்கு அதனால் என்ன பயன்? இதற்கு விடை கிடைக்க 39 ஆண்டுகள் ஆயின. களை ஆராய்ச்சியாளர்கள் களையைப் பார்த்தார்கள், வேதியியலார் மூலக்கூற்றைப் பார்த்தார்கள். செடியின் பக்கம் நின்று யோசிப்பது யாருடைய வேலையாகவும் இல்லை.

2005இல் ஜப்பானின் அகியாமாவும் உடன் பணியாற்றியவர்களும் விடை சொன்னார்கள். வேர் உட்பூசணத்தின் இழை, வேரை நெருங்கியதும் திடீரென்று கிளை கிளையாகப் பிரியும். அப்படிப் பிரியவைக்கும் பொருளைத் தேடிப் போனவர்கள் கையில் அகப்பட்டது ஸ்ட்ரைகாலின் நெருங்கிய உறவு. பைக்கோகிராம் அளவே போதும், இழை கிளைத்துவிடுகிறது. மண்ணில் மணிச்சத்து குறையக் குறைய வேர் இதைக் கூடுதலாகக் கசியவிடுகிறது. பூசணம் வந்து மணிச்சத்தைத் தேடித் தருகிறது, கூலியாகச் சர்க்கரையும் கொழுப்பும் பெற்றுக்கொள்கிறது. 40 கோடி ஆண்டுப் பழைய ஒப்பந்தம் இது. சுடுமல்லி மிகப் பிந்தி வந்து ஒட்டுக்கேட்கிற திருடன். சத்தற்ற நிலத்தில் அதன் அட்டகாசம் ஏன் அதிகம் என்பதும் இப்போது விளங்குகிறதல்லவா? 2008இல் இன்னொரு திருப்பம்: இதே குடும்பத்துச் சேர்மங்கள்தாம் செடிக்குள்ளே பக்கக் கிளைகளை அடக்கிவைக்கும் ஹார்மோன் என்று இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் காட்டின.

வயலுக்கும் இதனால் பலன் உண்டு. எத்தியோப்பியாவில் பிறந்த கெபிசா எஜெட்டா, சுடுமல்லியைத் தாங்கும் சோள இரகங்களை உருவாக்கி 2009இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அத்தகைய எதிர்ப்புள்ள சோளங்கள் சிலவற்றில், விதையை வலுவாக எழுப்பும் சேர்மத்துக்குப் பதிலாக ஒரோபாங்கால் என்ற மந்தமான வகை கசிகிறது என்பது பிற்பாடு தெரியவந்தது.

இனி நம் வீட்டுக் கதை. ஆண்டுதோறும் என் மேசைக்கு வரும் ஆய்வேடுகளில் பாதி ஒரே அச்சில் வார்த்தவை. இலையைக் காயவைத்து, மெத்தனாலில் சாறு எடுத்து, ஜிசி-எம்எஸ் கருவியில் விட்டு, கணினி நூலகம் சொன்ன பெயர்களை அட்டவணையாக்கி, அகர் தட்டில் தடுப்பு வளையத்தை அளந்து, முடிவுரை. அந்தச் சேர்மம் உயிருள்ள செடியை விட்டு வெளியே வருகிறதா என்று யாரும் கேட்பதில்லை. இது உழைப்பில்லாத வேலை என்று நான் சொல்லவில்லை. சூழலியல் இல்லாத வேலை என்கிறேன்.

வழிகாட்டிக்கு வெளிநாடு போகவும் வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தில் டி.எஸ். சதாசிவன் வளர்த்த குழு பருத்தி வாடல் நோயை ஆராய்ந்தது. நோய்ப்பூசணம் குடுவையில் ஃபியூசாரிக் அமிலம் தயாரிக்கிறது என்பது அப்போது தெரிந்த செய்தி. வாடிக்கொண்டிருக்கும் செடிக்குள்ளேயும் அது இருக்கிறதா என்று தேடி, இருப்பதைக் கண்டு, 1955இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். இன்றைய கருவிகளில் ஒன்றுகூட அன்று அவர்களிடம் இல்லை.

வயலில் வெற்றி கண்டதாலேயே விளக்கமும் சரியாகிவிடாது. கென்யாவில் மக்காச்சோளத்துக்கு இடையே டெஸ்மோடியம் விதைத்துத் தண்டுத்துளைப்பானையும் சுடுமல்லியையும் அடக்கும் முறை பெயர்பெற்றது. அந்தச் செடியின் வாசனை அந்துப்பூச்சியை விரட்டுகிறது என்றே நெடுநாள் கற்பித்தோம். அண்மையில் ஒரு குழு, அதன் கொக்கி மயிர்கள் புழுக்களைச் சிக்கவைத்துக் கொல்வதுதான் காரணம் என்று வாதிட்டிருக்கிறது. வழக்கு முடியவில்லை.

ஆகவே இந்த இரண்டு நாளும் ஒவ்வொரு கட்டுரைக்குப் பின்னும் தலைமை இருக்கையிலிருந்து மூன்று கேள்விகள் வரும். வேரிலிருந்து அது எவ்வளவு வெளியேறுகிறது? மண்ணின் களிமண்ணையும் பாக்டீரியாக்களையும் தாண்டி எவ்வளவு தூரம் போகிறது? கொடுக்கிற செடிக்கு அதனால் என்ன லாபம்? அளக்கவில்லை என்றால் அளக்கவில்லை என்றே சொல்லுங்கள், மதிப்பெண் குறையாது. கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன். முதல் அமர்வின் பேச்சாளர் மேடைக்கு வரலாம்.